மனத்தின் கணக்கை எழுதிய வில்லியம் ஜேம்ஸ்

ஒரு கடைக்காரருக்குச் சரக்கைப் பற்றிய ஞானம் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு மனிதரைப் பற்றிய ஞானமும் வேண்டும். வாடிக்கைக்காரர் அஞ்சடியில் கால் வைக்கும்போதே, அவர் வாங்க வந்தவரா, விலை கேட்டுப் போக வந்தவரா என்று நாம் ஊகித்து விடுகின்றோம். கடன் கொடுக்கலாமா, கூடாதா என்பதைப் பாதி முகத்தைப் பார்த்தும் பாதி பழைய ஏட்டைப் பார்த்தும் முடிவு செய்கின்றோம். ஆனால் மனம் என்பது யாது, அது எவ்வாறு இயங்குகின்றது, அது நோயுற்றால் என் செய்வது என்று எவரேனும் கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. இதனை ஆராயும் சாஸ்திரத்துக்கு மனோதத்துவம் என்று பெயர்.

இச்சாஸ்திரத்தை அமெரிக்க நாட்டில் நிலைநாட்டியவர் என்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆவார். அன்னார் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பாடசாலையில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லாத நாம், இத்தகைய மேதையைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய சரித்திரத்தில் வர்த்தகக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய செய்திகள் பல இருக்கின்றன. வளர்ந்த பிள்ளை ஒரு தொழிலிலும் நிலைக்காமல் வீட்டில் வாடிக் கிடக்கின்றானே என்று கலங்கும் பெற்றோர், இதனைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றோம்.

வணிகரின் பேரர்

வில்லியம் ஜேம்ஸின் பாட்டனாரும் அதே பெயர் கொண்டவர். அயர்லாந்து தேசத்திலிருந்து 1789ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்து, பிறகு நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் சொந்தக் கடை வைத்தார். கடையிலிருந்து நிலம், நிலத்திலிருந்து உப்பளம் என்று அவருடைய வியாபாரம் பெருகிற்று. 1832ல் அவர் இறந்தபோது விட்டுச் சென்ற சொத்து சுமார் 30 லட்சம் டாலர் என்பார்கள். கையில் ஒன்றுமில்லாமல் கடல் கடந்து வந்து கடை வைத்த முன்னோர்களைப் பெற்ற நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

அவருடைய மகன் ஹென்றி ஜேம்ஸ் வியாபாரத்தின் பக்கமே திரும்பவில்லை. சிறு வயதில் தீ விபத்தில் ஒரு காலை இழந்தவர். சமய ஆராய்ச்சியிலும் புத்தகம் எழுதுவதிலும் காலத்தைச் செலவிட்டார். தந்தை மரண சாசனத்தில் தமக்குக் குறைத்து எழுதியதை எதிர்த்து வழக்காடி வென்று, உழைக்காமலே உண்ணத்தக்க வருமானம் பெற்றார். இவருக்கு ஐந்து மக்கள். 1842ம் ஆண்டு ஜனவரி 11ந் தேதி நியூயார்க் நகரத்தில் பிறந்த மூத்த மகனே நம் சரித்திர நாயகர். அடுத்த ஆண்டு பிறந்த தம்பி ஹென்றி, பிற்காலத்தில் ஆங்கில நாவலாசிரியராகப் பெரும் கீர்த்தி பெற்றார்.

தந்தையார் எந்தப் பாடசாலையிலும் திருப்தி கொள்ளாதவர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டன், பாரிஸ், ஜெனீவா, பான் என்று ஊர் ஊராகச் சென்றார். இதனால் வில்லியமுக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் நன்கு வந்தன. ஆனால் ஒரு பள்ளியிலும் தொடர்ந்து படித்து முடித்த பழக்கம் மட்டும் ஏற்படவில்லை.

நிலைகொள்ளாத இளமை

பதினெட்டாம் வயதில் ஓவியராக வேண்டுமென்று விரும்பி, நியூபோர்ட் நகரில் வில்லியம் மாரிஸ் ஹன்ட் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஓராண்டு கூட ஆகவில்லை, அதை விட்டார். 1861ல் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானக் கல்லூரியில் ரசாயனம் படிக்கத் தொடங்கினார், அதையும் விட்டார். 1864ல் வைத்தியக் கல்லூரிக்கு மாறினார். மறு வருஷம், லூயி அகாசி என்ற இயற்கை விஞ்ஞானியுடன் மீன்களைச் சேகரிக்கப் பிரேசில் நாட்டு அமேசான் நதிக்குச் சென்றார். அங்கே அம்மை கண்டு படுத்தார். வெளியிலே திரிந்து உயிர்களைச் சேகரிக்கும் வேலை தமக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொண்டதுதான் அந்தப் பிரயாணத்தின் லாபம்.

இதற்கிடையில் உள்நாட்டு யுத்தம் 1861 முதல் 1865 வரை நடந்தது. அவருடைய இளைய தம்பியர் இருவர் போர்க்களம் சென்றனர். ஒருவர் 1863ல் பலத்த காயமடைந்து திரும்பினார். வில்லியம் செல்லவில்லை. முதுகு வலி, கண் வலி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரணமற்ற துக்கம் அவரை வாட்டிற்று. 1867ல் ஜெர்மனிக்குப் போய் வெந்நீர் ஊற்றுகளில் குளித்துப் பார்த்தார். குணமில்லை. ஆயினும் அங்கேதான், நரம்புகளையும் புலன்களையும் பரிசோதனை மூலம் அளந்து மனத்தை ஆராயலாம் என்று ஜெர்மானிய அறிஞர்கள் முயன்று வருவதைக் கண்டறிந்தார்.

1869ல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆனால் ஒரு நாளும் வைத்தியத் தொழில் செய்யவில்லை. தந்தையின் வீட்டிலேயே தங்கினார். வயது இருபத்தேழு; தொழில் இல்லை, வருமானம் இல்லை, கலியாணம் இல்லை. நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன பேசுவோம்? சோம்பேறி என்போம், தகப்பன் காசில் உட்கார்ந்து தின்கின்றான் என்போம், கடையில் கொண்டுபோய் உட்கார வை, எல்லாம் சரியாகிவிடும் என்று யோசனை சொல்வோம்.

உண்மையில் அவர் கொடிய நோயாளியாக இருந்தார். 1870 மார்ச் மாதம் அவருடைய பிரியத்துக்குரிய உறவுப் பெண் ஒருவர் காசநோயால் இறந்தார். அக்காலத்தில் தற்கொலை எண்ணமும் ஜேம்ஸைத் தொடர்ந்து வந்தது. ஒரு மாலை, மங்கிய வெளிச்சத்தில் அறைக்குள் சென்றபோது, முன்பு மனநோய் விடுதியில் தாம் கண்ட ஓர் இளைஞனின் உருவம் மனக்கண்ணில் எழுந்தது. அசைவற்றுச் சுவரோரம் குந்தியிருந்த அவனுக்கும் தமக்கும் இடையே ஒரு நூலளவு தூரமே இருக்கின்றது என்ற பயம் அவரை ஆட்கொண்டது. பல மாதங்கள் தனியே இருட்டில் செல்ல அஞ்சினார். இதை அவர் உடனே வெளியில் சொல்லவில்லை. முப்பதாண்டுகள் கழித்துத் தம் நூலில் எழுதியபோதும், யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் தமக்கு எழுதிய அனுபவம் போலவே எழுதினார். அது அவருடைய சொந்த அனுபவமே என்பது பின்னால் வெளியாயிற்று. கல்வியும் செல்வமும் சூழ்ந்த ஒருவரே மனநோயை வெளியிட இத்தனை கூசினார் என்றால், நம் வீடுகளில் எத்தனை பேர் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு தீர்மானம்

மனிதன் வெறும் இயந்திரமா, தன் விருப்பப்படி எதையும் செய்ய அவனுக்கு வல்லமை உண்டா என்ற கேள்வியே அவரை அரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் உடலின் அணுக்களால் முன்னரே நிச்சயிக்கப்பட்டது என்றால், நன்மைக்காகப் பாடுபடுவதில் என்ன பொருள் இருக்கின்றது? 1870 ஏப்ரல் இறுதியில் ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் கட்டுரையைப் படித்தார். பல எண்ணங்கள் இருக்கும்போது அவற்றுள் ஒன்றை நாமே விரும்பிப் பற்றி நிறுத்த முடியும். அதுவே சுதந்தரமான சித்தம் என்பது அதன் கருத்து. ஜேம்ஸ் அதைப் பற்றிக்கொண்டார். தமக்குச் சுதந்தரம் உண்டு என்று நம்புவதையே தம் முதல் சுதந்தரச் செயலாகக் கொள்வதென்று தினக்குறிப்பில் எழுதி வைத்தார். வீண் யோசனையைக் குறைத்து, நாள்தோறும் சிறு சிறு நற்செயல்களைப் பழக்கமாக்குவது என்றும் முடிவு செய்தார்.

இதனால் மறுநாளே குணமாகிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. துக்கம் ஆயுள் முழுதும் அவ்வப்போது திரும்பி வந்தது. ஆனால் எழுந்து நிற்க ஒரு பிடி கிடைத்தது. 1872ல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், உடற்கூறு பாடம் நடத்த அவரை அழைத்தார். ரசாயன வகுப்பில் ஜேம்ஸுக்கு ஆசிரியராக இருந்தவரும், நோயால் வேலை தடைப்பட்டும் அந்த மாணவரின் அறிவை மறவாதவரும் இந்த எலியட்தான். ஒரு பெரியவர் சரியான நேரத்தில் கொடுத்த வேலை, ஓர் இளைஞரைக் காப்பாற்றிற்று.

உடற்கூறிலிருந்து அவர் மனத்துக்குச் சென்றார். 1875ல் மனோதத்துவத்தை உடலியலோடு சேர்த்துப் போதிக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் இத்தகைய வகுப்புக்கு அதுவே தொடக்கம். சிறு பரிசோதனை அறை ஒன்றும் அப்போது ஏற்பட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற அறிஞர் புகழ்பெற்ற பரிசோதனைச் சாலையை நிறுவியது 1879ல்தான். 1878 ஜூலையில், முப்பத்தாறாம் வயதில், ஆலிஸ் கிபன்ஸ் என்ற ஆசிரியையை ஜேம்ஸ் மணந்தார். அந்த அம்மையாரின் துணை அவருடைய உடலையும் மனத்தையும் பெரிதும் தேற்றிற்று.

பன்னிரண்டாண்டு தாமதித்த புத்தகம்

அதே 1878ல் ஹென்றி ஹோல்ட் என்ற பிரசுரகர்த்தருக்கு மனோதத்துவ நூல் ஒன்றை இரண்டாண்டில் எழுதித் தருவதாக ஒப்பந்தம் செய்தார். கொடுத்தது 1890ல். இப்படித் தவணை தவறினால் எந்த வியாபாரி பொறுப்பார்? ஆனால் வந்த சரக்கு காத்திருந்ததற்குத் தக்கதாக இருந்தது. இரண்டு பாகம், சுமார் 1,400 பக்கம். மனோதத்துவத்தின் மூலாதாரங்கள் என்ற பொருளுடைய பெயர் கொண்டது. 1892ல் மாணவர்களுக்காகச் சுருக்கப் பதிப்பும் வந்தது. பல ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரிகளில் இவையே பாடம்.

அதிலுள்ள முக்கியமான கருத்துகளில் மூன்றை இங்கே கூறுகின்றோம்.

முதலாவது, எண்ணம் என்பது மணிகளைக் கோத்த மாலை போன்றதன்று, இடைவிடாது ஓடும் ஆற்று நீர் போன்றது என்பது. ஒரே எண்ணம் அப்படியே இரண்டாம் முறை வருவதில்லை.

இரண்டாவது, உணர்ச்சிகளைப் பற்றியது. துக்கம் வருவதால் அழுகின்றோம், பயம் வருவதால் ஓடுகின்றோம் என்று நாம் நினைக்கின்றோம். ஜேம்ஸ் இதைத் தலைகீழாக்கினார். உடல் முதலில் நடுங்குகின்றது. அந்த நடுக்கத்தை மனம் உணர்வதே பயம் என்றார். 1884ல் இதை அவர் வெளியிட்டார். மறு வருஷம் டென்மார்க் வைத்தியர் லாங்கே தனியாக இதையொத்த முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் 1927ல், ஹார்வர்டில் அவரிடம் பயின்ற வால்டர் கானன் இக்கொள்கையைப் பலமாக மறுத்தார். அந்த விவாதம் இன்றும் முற்றுப் பெறவில்லை.

மூன்றாவது, பழக்கத்தைப் பற்றியது. இதுவே நம் போன்ற கடைக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது. திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மூளையில் வழி உண்டாக்கிக்கொள்கின்றது. தண்ணீர் ஓடிய தடத்தில் மறுபடி தண்ணீர் ஓடுவது போல. ஆகவே நல்ல பழக்கத்தைத் தொடங்கும்போது உறுதியாகவும் பகிரங்கமாகவும் தொடங்க வேண்டும். அது வேரூன்றும் வரை ஒரு நாளும் தவற விடக்கூடாது. சுற்றிவந்த நூற்கண்டு ஒரு தடவை கை நழுவினால், பல சுற்று அவிழ்ந்துவிடும். தீர்மானம் செய்தால் முதல் சந்தர்ப்பத்திலேயே அதைச் செயலில் காட்ட வேண்டும். மேலும், அவசியம் இல்லாவிட்டாலும் தினம் ஒரு சிறு கஷ்டமான காரியத்தை வலிய செய்ய வேண்டும். இதை அவர் இன்சூரன்ஸுக்கு ஒப்பிடுகின்றார். கடைக்கும் சரக்குக்கும் கட்டும் பணம் இப்போது ஒரு லாபமும் தருவதில்லை. தீப்பிடித்த அன்று அதுவே நம்மைக் காக்கின்றது. மன உறுதியும் அப்படியே. நாற்பது வயதைத் தாண்டிய நமக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. முப்பது வயதுக்குள் பெரும்பாலோரின் குணம் சாந்து இறுகியது போல் இறுகிவிடும் என்பது அவர் கருத்து. கடைப் பையன்களுக்கு இளமையிலேயே அன்றைய கணக்கை அன்றே முடிக்கக் கற்பிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு மாணவியும் ஒரு நோயாளியும்

1890ல் மேரி கால்கின்ஸ் என்ற ஆசிரியை ஜேம்ஸிடம் படிக்க விரும்பினார். ஹார்வர்டு அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. ஜேம்ஸ் அவருக்காகப் பேசினார். மாணவியாகப் பதிவு செய்யாமல், வகுப்பில் இருக்க மட்டும் அனுமதி கிடைத்தது. வகுப்பிலிருந்த ஆண்கள் விலகிவிட, ஜேம்ஸ் தம் வீட்டு நூலக அறையில் அந்த ஒருவருக்கே பாடம் நடத்தினார். 1895ல் கால்கின்ஸ் டாக்டர் பட்டத்துக்கான பரீட்சையில் மிகச் சிறப்பாகத் தேறினார். பெண் என்ற காரணத்தால் ஹார்வர்டு பட்டம் கொடுக்க மறுத்தது. ஆனால் 1905ல் அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் தலைவராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி அவர். நம் பெண்மக்களின் மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

மற்றொருவர் கிளிஃபர்ட் பியர்ஸ். யேல் சர்வகலாசாலையில் படித்த இவர், 1900ல் மனநோயுற்று மாடியிலிருந்து குதித்தார். உயிர் பிழைத்து, மூன்றாண்டுகள் மனநோய் விடுதிகளில் அடியும் அவமானமும் பட்டார். குணமான பின் தம் அனுபவத்தை மறைக்காமல் புத்தகமாக எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் படித்த ஜேம்ஸ் அவரை ஊக்குவித்துக் கடிதம் எழுதினார். 1908ல் அப்புத்தகம் அக்கடிதத்துடன் வெளியாயிற்று. மறு வருஷம் மனநல சேவைக்கென்று தேசிய கமிட்டி ஒன்று அமெரிக்காவில் ஏற்பட்டது. மனநோயாளியைச் சங்கிலியிட்டு மறைக்காமல், மற்ற நோயாளியைப் போல் மருந்தும் மரியாதையும் கொடுத்து நடத்த வேண்டும் என்ற கொள்கை பரவியதற்கு இப்புத்தகம் பெரிதும் காரணம். தம் துக்கத்தைத் தம் பெயரில் எழுத இயலாத ஜேம்ஸ், துணிந்து எழுதிய இன்னொருவருக்குத் தோள் கொடுத்தார்.

இமாம் கஸ்ஸாலியும் ஜேம்ஸும்

1901, 1902ம் ஆண்டுகளில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் இருபது சொற்பொழிவுகள் ஆற்றினார். மனிதருக்கு ஏற்படும் சமய அனுபவங்களின் பல வகைகளைப் பற்றிய அவை 1902ல் நூலாயின. மனிதர் தொழும்போதும், பாவத்துக்காக வருந்தும்போதும், ஆறுதல் அடையும்போதும் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்று அதில் ஆராய்ந்தார். சூஃபிகளைப் பற்றிக் கூறுமிடத்தில், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சுயசரிதத்திலிருந்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வாயிலாக, நீண்ட பகுதியை எடுத்துக் காட்டியுள்ளார்.

1058ல் பிறந்த இமாம் அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் தலைமைப் பேராசிரியராக வீற்றிருந்தபோது, 1095ல் கடும் மனநெருக்கடிக்கு ஆளானார்கள். நாவு எழவில்லை, உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கின்றது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். இறைவனிடம் முறையிட்டுப் பதவியையும் பொருளையும் துறந்து ஷாம் தேசம் சென்றார்கள். தம் இளமையில் இருளைக் கண்ட ஜேம்ஸுக்கு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த அனுபவம் மனத்தைத் தொட்டிருப்பதில் வியப்பில்லை. மனநோய் வருவது ஈமான் குறைவால்தான் என்று எளிதில் தீர்ப்புச் சொல்பவர்கள், இமாம் அவர்களின் சரித்திரத்தை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

நாணயமும் உண்மையும்

1907ல் ஜேம்ஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, ஒரு கொள்கையை அது நடைமுறையில் தரும் பயனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்னும் நூலை வெளியிட்டார். அதில் வியாபாரிகளின் உவமை ஒன்று வருகின்றது. நம் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை கடன் முறையில் நடக்கின்றன. காகித நோட்டை யாரும் மறுக்காதவரை அது செல்லுகின்றது. அதுபோல், யாரும் சோதிக்காதவரை நம் அபிப்பிராயமும் செல்லுகின்றது. ஆனால் எங்கேயோ ஓரிடத்தில் ரொக்கம் இருக்க வேண்டும். எவரேனும் நேரில் கண்டு சரிபார்த்திருக்க வேண்டும். இல்லையேல் முழுவதும் சரிந்துவிடும். பிள்ளையின் கணக்கன் உடைய பாட்டன் வழி ரத்தம் இங்கே பேசுகின்றது போலும்!

எனினும், பயன் தருவதெல்லாம் உண்மை ஆகிவிடுமா என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முதலியோர் கடுமையாகக் கேட்டனர். நமக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகின்றது. கள்ளத் தராசும் சில காலம் லாபம் தரத்தான் செய்கின்றது.

அவரிடம் மற்றொரு குறையையும் அக்காலத்து விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர். 1885ல் அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தை ஹெர்மன் நோயால் இறந்தது. அவ்வாண்டிலேயே, இறந்தோருடன் பேசுவதாகச் சொல்லிய பைப்பர் என்ற மாதின் கூட்டங்களுக்கு அவர் போகத் தொடங்கினார். கால் நூற்றாண்டுக் காலம் இவற்றை ஆராய்ந்தும், தொடங்கிய இடத்தைவிட அதிகம் முன்னேறவில்லை என்று கடைசியில் தாமே எழுதினார். பிள்ளையை இழந்த தகப்பனின் மனத்தை நாம் அறிவோம். ஆனால் அந்த வழியில் நாம் செல்வதற்கில்லை.

1898ல் மலையேறியபோது அவருடைய இருதயம் பழுதடைந்தது. 1909ல் ஆஸ்திரிய மனநோய் வைத்தியர் பிராய்டு அமெரிக்கா வந்தபோது, இருவரும் பேசிக்கொண்டே நடந்தனர். வழியில் ஜேம்ஸுக்கு நெஞ்சு வலி வந்தது. கைப்பையைப் பிராய்டிடம் கொடுத்து, முன்னே செல்லுங்கள், வலி தீர்ந்ததும் வருகின்றேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அந்தத் தைரியத்தைப் பிராய்டு வெகு காலம் மறக்கவில்லை. 1910 ஆகஸ்ட் 26ந் தேதி, நியூ ஹாம்ஷயர் மாநிலத்துச் சொகோருவா கிராமத்தில் தம் இல்லத்தில் ஜேம்ஸ் காலமானார். வயது 68. ஹார்வர்டில் மனோதத்துவத் துறைக்கென 1960களில் எழுப்பப்பட்ட உயர்ந்த கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இருபத்தெட்டு வயதில் அவரைக் கண்டவர்கள், உதவாத பிள்ளை என்று கணக்கை முடித்திருப்பார்கள். தந்தை விரட்டவில்லை, ஆசிரியர் மறக்கவில்லை, மனைவி தளரவில்லை. அதனால் உலகத்துக்கு ஓர் அறிஞர் கிடைத்தார். நம் வீட்டிலோ கடையிலோ ஓர் இளைஞன் தூங்காமல், உண்ணாமல், காரணம் சொல்லத் தெரியாமல் வாடினால், முதலில் அவனை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்போம். பிறகு தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தால் அதை ஒத்திப்போட வேண்டாம் என்று நம் சகோதர வர்த்தகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.